டீயோடு சிகரெட்டா? பிரித்துவிடுங்கள்!

டீ கிளாஸை வாங்கியதுமே இன்னொரு கை சிகரெட்டைத் தேடுகிறதா? பழகிப் பழகி வந்ததைப் பழகியே மாற்றலாம்.

1. வழக்கமான டீக்கடையை மாற்றுங்கள். சில வாரம் மோர் குடியுங்கள். பழைய இடமும் ருசியுமே ஆசையைக் கிளப்புகின்றன.

2. லைட்டர், ஆஷ்ட்ரேயைத் தூக்கிப் போடுங்கள். கண்ணில் பட்டாலே கை பரபரக்கும்.

3. சாப்பிட்டதும் சோம்பு மெல்லுங்கள். வாய்க்கு வேறு வேலை கிடைக்கும்.

4. ஆசை எழுந்தால் 10 நிமிடம் தள்ளிப்போட்டு, கொஞ்சம் நடங்கள். பெரும்பாலும் அதற்குள் வேகம் தணிந்துவிடும்.

5. 'ஒன்றே ஒன்று' என்று யார் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். அந்த ஒன்று போதும், மூளை பழைய பாடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும்.

தனியாக முடியவில்லையா? மத்திய அரசின் இலவச ஆலோசனை எண் 1800-11-2356. இன்றே அழையுங்கள்.