தமிழ்வழி மாணவரும் பொறியியல் கல்லூரியின் முதல் பருவமும்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் மாணவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவதற்குப் பாட அறிவின் குறைவு மட்டும் காரணமன்று. அங்கு நிலவும் நடைமுறைகளை எவரும் எடுத்துச் சொல்லாமலேயே அவை எல்லாருக்கும் தெரிந்தவை என்று கருதப்படுவதே அதனினும் பெரிய காரணம். தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2021இல் வந்தபின், வீட்டில் கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாத முதல் தலைமுறை மாணவர்கள் பலர் பெரிய கல்லூரிகளை எட்டியுள்ளனர். பொறியாளரின் பிள்ளை இரவு உணவின்போதே தெரிந்துகொள்ளும் செய்திகளை இவர்கள் முதல் தேர்வு முடிவு வந்த பிறகே அறிய நேர்கிறது.

முதலில் காலத்தைப் பற்றிய கணக்கு. ஏனைய பருவங்களைப் போலன்றி முதல் பருவம் கலந்தாய்வு முடிந்த பிறகே தொடங்குவதால், அறிமுக நிகழ்ச்சிகளும் பண்டிகை விடுமுறைகளும் போக எஞ்சும் நாள்கள் குறைவு. அந்நாள்களுக்குள் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கணினி நிரலாக்கம் ஆகியவற்றோடு ‘தமிழர் மரபு’ என்னும் தாளையும் முடித்தாக வேண்டும். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு, அதாவது மாணவர்கள் ‘இன்டர்னல்’ என்று சொல்லும் தேர்வு, விடுதி அறையில் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள்ளாகவே வந்துவிடுகிறது என்பது மிகைக் கூற்றன்று.

இந்த இன்டர்னல் மதிப்பெண்ணைப் பள்ளியின் இடைப்பருவத் தேர்வு போலக் கருதி அலட்சியம் செய்வோர் மிகப் பலர். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிகளுக்கான 2021ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, எழுத்துத் தாள்களில் அகமதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ இறுதித் தேர்வுக்கு 60 மதிப்பெண்ணும் உண்டு. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 விழுக்காடும், இறுதித் தேர்வில் மட்டும் தனியாக 45 விழுக்காடும் தேவை. அகமதிப்பீட்டில் 20 பெற்றவர் இறுதித் தேர்வில் நூற்றுக்கு 50 எடுத்தாலே தேறிவிடுவார். 10 மட்டுமே பெற்றவரோ 67 எடுத்தாக வேண்டும். மறுபுறம், அகமதிப்பீட்டில் 40க்கு 40 வாங்கியவரும் இறுதித் தேர்வில் நூற்றுக்கு 40 மட்டுமே எழுதினால், கூட்டுத்தொகை 64 ஆனபோதிலும் தேர்ச்சி பெறமாட்டார். இவ்வாறு தேறாமல் நிலுவையாகும் தாளுக்கு ‘அரியர்’ என்று பெயர். அடுத்த பருவத்தின் புதிய தாள்களோடு அதையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால், முதல் பருவத்தில் விழும் அரியர் இரண்டாம் பருவத்தின் நேரத்தையும் தின்றுவிடுகிறது.

வினாத்தாளின் அமைப்பும் பள்ளியிலிருந்து வேறுபடுகிறது. பள்ளித் தேர்வின் சிறு வினாப் பகுதிகளில் கூடுதலாகத் தரப்படும் வினாக்களில் சிலவற்றை விட்டுவிடலாம் என்பதால், ஓரிரு பாடங்களை ஒதுக்கிவிட்டுப் படிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பல்கலைக்கழகத் தாள்கள் பலவற்றில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தும் கட்டாயம். 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்தும் அலகுக்கு ஒன்றாக வருவதோடு, ‘இது அல்லது அது’ என்னும் தெரிவும் அதே அலகுக்குள்தான் அமைகிறது. ஆகவே ஓர் அலகை முழுவதுமாக விட்டவர் இரு சிறு வினாக்களையும் சேர்த்து 17 மதிப்பெண்ணைத் தொடக்கத்திலேயே இழக்கிறார். 15 மதிப்பெண் வினாவும் அந்த அலகிலிருந்தே வந்துவிட்டால் இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

மொழிச் சிக்கலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையே பரிந்துரைக்கின்றனர். அது வேலைவாய்ப்புக் காலத்துக்கு உதவுமேயன்றி, முதல் பருவத்துக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கணித வகுப்பில் ‘மேட்ரிக்ஸ்’, ‘டிடர்மினன்ட்’ என்று ஆசிரியர் வேகமாகச் சொல்லிச் செல்லும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளையும் அணிக்கோவைகளையும் தேர்வுக்கே படித்து வந்த மாணவர் அவற்றையே புதிய பாடம் என்று எண்ணி மிரளுகிறார். இதற்கு ஒரு வழி உண்டு. மாநிலப் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரு பதிப்புகளாக, ஒரே பாட வரிசையில் வெளிவருகின்றன. இரண்டையும் பதிவிறக்கம் செய்துகொண்டு, தாம் ஏற்கெனவே போட்டுப் பழகிய கணக்குகளை ஆங்கிலப் பதிப்பில் ஒருமுறை வாசித்தால், விளக்கத்துக்கு அகராதி தேவைப்படாமலேயே சொற்கள் பிடிபடும். சேர்க்கை ஆணை கிடைத்த நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு இதைவிட உருப்படியான வேலை வேறில்லை. விடை எழுதும்போது நீண்ட வாக்கியங்களைத் தவிர்த்துச் சிறு வாக்கியங்களாக எழுதிப் படமும் சமன்பாடும் சேர்ப்பது போதும்; பொறியியல் தாளைத் திருத்துவோர் முதலில் தேடுவது வாக்கிய அழகையன்று.

இன்னொரு தடை, கேள்வி கேட்பதைப் பற்றியது. அமைதியாக இருப்பதே ஒழுக்கம் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கப்பட்ட மாணவர், ‘டவுட் இருக்கா?’ என்று கேட்கும் ஆசிரியரிடம் அறுபது பேர் முன்னிலையில் எழுந்து நிற்பார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் அறைக்குச் சென்று, ‘ஒன்றும் புரியவில்லை சார்’ என்று பொதுவாகச் சொல்லாமல், குறிப்பேட்டில் எந்த வரி வரை புரிந்தது, எந்த வரியில் தொடர்பு அறுந்தது என்று விரலை வைத்துக் காட்டுபவருக்கு உதவ மறுக்கும் ஆசிரியர் மிகக் குறைவு. தமிழிலேயே கேட்கலாம், பலர் தமிழிலேயே விளக்கவும் செய்வர். உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் ‘லோக்கல் ஆத்தர்’ புத்தகங்களும் ஜெராக்ஸ் கடைக் குறிப்புகளும் தேர்வு நெருக்கத்தில் கைகொடுக்கும் என்பதை மறுக்க முடியாது. எனினும் முதல் வாரத்திலேயே அவற்றை நம்பத் தொடங்குவோருக்குக் கேட்பதற்கென்று ஒரு கேள்விகூட எழாமல் போவதுதான் அவற்றின் தீங்கு.

ஆய்வகத்தில், சோதனையின்போது எழுதும் ‘அப்சர்வேஷன்’ ஏட்டையும் பின்னர் எழுதும் ‘ரெக்கார்டு’ ஏட்டையும் அடுத்த ஆய்வக வகுப்புக்குள் முடித்துக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். கணினியைத் தொட்டே பழகாதவர்கள் நிரலாக்கப் பாடத்தில் அஞ்சுவது இயல்பு. மடிக்கணினி வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் பருவ நிரல்களைக் கைப்பேசிச் செயலியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு என்பதை 25 விழுக்காடு விடுப்பு உரிமை என்று புரிந்துகொள்வது அபாயமானது. 75 வேலை நாள் கொண்ட பருவத்தில் அது 18 நாள்தான். வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே ஊருக்குப் பேருந்து ஏறுவோர் அதைப் பாதிப் பருவத்துக்குள் செலவழித்துவிட, காய்ச்சலுக்கென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. விடுதியில் மொத்த உணவுச் செலவைத் தங்கியிருப்போருக்குப் பங்கிடும் ‘டிவைடிங் சிஸ்டம்’ உள்ள இடங்களில், ஊருக்குப் போகுமுன் எழுதிக் கொடுத்தவருக்கே கழிவு கிடைக்கும்.

7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் கீழ் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாத சிறு காரணத்தால் இத்தகைய தொகை நின்றுபோவது உண்டாகையால், அதை முதல் மாதத்திலேயே சரிபார்ப்பது நல்லது.

மூத்த மாணவர்களைப் பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்தே, 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. உடலைத் துன்புறுத்துவது மட்டுமன்றி, கேலியாகப் பாடச் சொல்வதும், பிறர் ரெக்கார்டை எழுதச் சொல்வதும்கூடப் பகடிவதையே. 1800-180-5522 என்னும் தேசிய உதவி எண்ணில் பெயர் வெளியிடாமலும் புகார் அளிக்கலாம். அதே வேளையில், பழைய வினாத்தாள்களையும் எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற தகவலையும் தரக்கூடியவர்கள் மூத்த மாணவர்களே. ஒரே மாவட்டத்திலிருந்தோ ஒரே வகைப் பள்ளியிலிருந்தோ வந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை அறிந்து, ‘அண்ணா’, ‘அக்கா’ என்று அழைத்துப் பழகுமளவு நெருங்கிவிட்டால், வழிகாட்டி நூல்கள் பலவற்றின் தேவை குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் அரியர் விழலாம். அப்போது வீட்டுக்கு மறைப்பதும், ஊகத்தில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதும் ஒருசேர நடக்கின்றன. முதலில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூட வாய்ப்புண்டா என்று கேட்ட பின்னரே மறுமதிப்பீட்டைப் பற்றி முடிவெடுப்பது முறை. இவற்றுக்கான கால அவகாசம் சில நாள்களே என்பதால், முடிவு வெளியான அன்றே துறை அலுவலகத்தில் கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.