எண்ணெயின் நான்கு பகைகள்

'எண்ணெய்' என்னும் சொல்லை எள் + நெய் எனப் பிரிக்கலாம். எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கே முதலில் இப்பெயர் வழங்கியது. பின்னர்க் கடலை, தேங்காய், கடுகு முதலியவற்றிலிருந்து எடுப்பவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று. எள்ளின் நெய்யோ 'நல்லெண்ணெய்' என்னும் சிறப்புப் பெயரைப் பெற்றது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது எண்ணெயும் கொண்டுவருவது உண்டு. எள்ளைக் காயவைத்துப் புடைத்து, கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டிக் கொடுத்தனுப்பும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். அவ்வெண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடித்தால், பணம் மட்டுமன்றி அவர்களுடைய உழைப்பும் வீணாகும். எண்ணெய் ஏன் கெடுகிறது என்பதை அறிந்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

எண்ணெயின் முதற்பகை காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு வினைபுரிந்து, அதன் மணத்தையும் சுவையையும் கெடுக்கிறது. கடைகளில் விற்கும் சிப்ஸ் பைகள் உப்பியிருப்பதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலும் நைட்ரஜன் நிரப்பப்படுகிறது. வறுவலில் உள்ள எண்ணெய் கெடாதிருக்கவே இந்த ஏற்பாடு. வீட்டில் கலத்தை இறுக மூடிவைப்பதே இதற்கு ஈடான வழி.

இரண்டாம் பகை ஒளி. நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் எண்ணெயை ஊற்றிச் சன்னலருகே வைத்தால் அது விரைவில் கெடும். பீங்கான் சாடி, எவர்சில்வர் தூக்கு, அடர்நிறக் கண்ணாடிப் புட்டி ஆகியன ஏற்றவை. செம்பும் இரும்பும் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். ஆதலால் ஈயம் பூசாத செம்பு, பித்தளைக் கலங்கள் ஆகா.

மூன்றாம் பகை வெப்பம். எடுப்பதற்கு எளிது என்று பலர் எண்ணெயை அடுப்பின் அருகிலேயே வைக்கின்றனர். நாள்தோறும் படும் சூட்டால் அது மெல்லக் கெடுகிறது. அடுப்பிலிருந்து விலகிய, கதவுள்ள அலமாரியே எண்ணெய்க்கு உரிய இடம்.

நான்காம் பகை ஈரம். ஈரக் கரண்டியை உள்ளே விடுவதாலும், கழுவிய கலத்தை உலர்த்தாமல் எண்ணெய் ஊற்றுவதாலும் நீர் சேர்கிறது. நீர் எண்ணெயிலுள்ள கொழுப்பைச் சிதைத்து வாடையை உண்டாக்கும்.

இந்நான்கையும் ஒருசேர வெல்லும் எளிய முறை ஒன்று உண்டு. பெரிய கலத்தை மூடி இருட்டில் வைத்து, பத்து நாள்களுக்குத் தேவையானதை மட்டும் சிறு கலத்தில் ஊற்றிப் பயன்படுத்துவதே அது. பெரிய கலத்தை அடிக்கடி திறந்தால் புதிய காற்று உட்புகும். எண்ணெய் குறையக் குறையக் கலத்தினுள் காற்றுக்கு இடம் பெருகும். எனவே பாதி தீர்ந்ததும் மீதியைச் சிறிய கலத்திற்கு மாற்றுதல் நன்று.

சிறு கலத்தில் பழைய எண்ணெய் ஒட்டியிருக்கப் புதியதை ஊற்றுவது தவறு. கெட்ட எண்ணெய் சிறிதளவே ஆயினும் நல்ல எண்ணெயையும் விரைவில் கெடுக்கும். வடையோ பூரியோ பொரித்த எண்ணெயை மீண்டும் புதிய எண்ணெயோடு கலப்பதும் கூடாது.

எண்ணெய்கள் யாவும் ஒரே காலத்தில் கெடுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் எளிதில் கெடும். தேங்காய் எண்ணெய் ஆக்சிஜனோடு மெதுவாகவே வினைபுரியும். நல்லெண்ணெயில் இயற்கையாக அமைந்த காப்புப் பொருள்கள் இருப்பதால் அது நெடுநாள் நிற்கும். ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றும் வழக்கம் பொருளுடையதே.

தில்லி போன்ற வடபுல நகரங்களில் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் வெண்ணிறமாக உறைந்துவிடும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைவது இயல்பு. கெட்டுவிட்டது எனக் கருதி அதனைக் கொட்டிவிடலாகாது. மூடிய கலத்தை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் உருகும். எண்ணெய் கெட்டதா என்பதைப் பெரும்பாலும் மூக்கே காட்டிக்கொடுக்கும். உறைதல் அதற்கு அடையாளம் அன்று.

சொற்பொருள்
புடைத்தல் – முறத்தால் தட்டித் தூசு நீக்குதல்
சிக்கு வாடை – எண்ணெய் கெடுவதால் எழும் நாற்றம்
கலம் – பாத்திரம்
பாகை – வெப்ப அளவின் அலகு (டிகிரி)

பயிற்சி
1. எண்ணெயின் நான்கு பகைகள் யாவை?
2. பெரிய கலத்தை அடிக்கடி திறக்கலாகாது. ஏன்?
3. உறைந்த தேங்காய் எண்ணெயைக் கொட்டிவிடலாமா? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், அவ்வெண்ணெய்.
5. வீட்டில் எண்ணெய் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்து, செய்யவேண்டிய மாற்றங்களை ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கடிதமாக எழுதுக.