நெம்புகோல் காப்பிப் பொறியின் எலிமெண்ட்

நம் கல்யாண வீடுகளில் நீராவி சீறப் பாலை நுரைக்க வைத்து ‘எஸ்பிரஸோ’ என்று தருவார்களே, அதற்கும் இத்தாலிய எஸ்பிரஸோவுக்கும் உறவு தூரம். மிலான் நகரத்து அச்சிலே காஜியா 1940-களின் இறுதியில் பரப்பிய பொறியில், நெம்புகோலை இழுத்துவிட்டால் சுருள்வில்லின் விசை வெந்நீரைக் காப்பித்தூளினூடே செலுத்தும். அந்நீரைக் காய்ச்சுவது கொதிகலத்துள் மூழ்கியிருக்கும் எலிமெண்ட்.

அது ஓர் உலோகக் குழாய். நடுவே நிக்ரோம் கம்பிச்சுருள். சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு தூள். இத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். புனேயை அடுத்த ரஞ்சன்காவ் ஆலைகளில் உருவாகும் குளிர்பெட்டிகளில் பனி உருக்கும் ஹீட்டரும் இதற்கு உறவே. குழாய்மேல் உப்புப் படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்லாது; உள்ளே கம்பி காய்ந்து அறும்.

சோதிக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, இரு ஒயர்களையும் கழற்றுக. 230 வோல்ட், 1000 வாட் எலிமெண்டுக்கு மீட்டர் ஏறத்தாழ 53 ஓம் காட்டவேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்தது. ஒட்டுப்போட இயலாது, அதே அளவில் புதிது செய்விக்க வேண்டும்.

முனைக்கும் குழாய்க்கும் இடையே மின்கசிவு உண்டா என்பதே உயிர்ப் பிரச்சினை. சாதாரண மீட்டர் இதில் ஏமாற்றும். 500 வோல்ட் மெக்கர் கொண்டு பார்ப்பதே முறை. தூளில் ஈரம் மட்டுமேயானால் இளஞ்சூட்டில் பல மணி நேரம் உலர்த்தினால் தீரும். குழாய் வெடித்திருந்தால் தூக்கி எறிக. எர்த் இணைப்பின்றிப் பொறியைத் தொடவே கூடாது.

பழைய பொறி 115 வோல்ட்டுக்கானதா என்றும் பார்க்க. 230-இல் செருகினால் வெப்பம் நான்கு மடங்காகும். புது வாஷர் இட்டு முடுக்கி, நீர் நிரப்பிய பின்னரே சுவிட்சைப் போடுக.