கல்வெட்டைத் திரையில் படிக்க முடியுமா?

இணைய வகுப்பையும் நேர்வகுப்பையும் கலந்து நடத்துவது பற்றிக் கல்லூரி வாசலில் அடிபடும் பேச்சுகளில் பாதி, 2020-ஆம் ஆண்டின் கசப்பிலிருந்து பிறந்தவை. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, இந்தக் கலப்பு சரியாக அமைந்தால் பெரிய லாபம். தவறினால் நஷ்டமும் அவர்களுக்குத்தான் முதலில். அதனால் இந்தப் பேச்சுகளைக் கொஞ்சம் சலித்துப் பார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: "கொரோனாவில் பார்த்ததுதானே? மறுபடியும் போனை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள்."

உண்மை: அன்று கல்லூரி மூடிக்கிடந்தது. வேறு வழியில்லாமல் கரும்பலகைப் பாடத்தை அப்படியே போனுக்குள் திணித்தார்கள். கலப்பு முறையில் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை வீட்டில் கேட்கலாம், எதற்கு ஆள் நேரில் வேண்டும் என்பதை.

குன்றாண்டார்கோவிலையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள குடைவரைக் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வரலாறு படிக்கும் மாணவிக்குப் பல்லவ மன்னர்களின் வரிசை, அக்கால அரசியல், எழுத்து வளர்ந்த விதம் எல்லாவற்றையும் வீடியோவில் கொடுத்துவிடலாம். புரியாத இடத்தை நிறுத்தி, திருப்பிக் கேட்பாள். வாசிப்பு அப்படி வராது. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். தேய்ந்த எழுத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். உரிய அனுமதியோடு மைப்படி எடுப்பதென்றால், நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, காற்றுக்குமிழி நிற்காமல் பிரஷ்ஷால் தட்டி, பதமாக மை ஒற்ற வேண்டும். அந்தப் பதம் கைக்குக் கை பார்த்துப் பழகுவது. புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929-லேயே நூலாக வந்துவிட்டது. அதை வீட்டில் படித்துவிட்டு வந்தால், ஆசிரியரோடு கல்லின் முன் நிற்கும் நேரம் முழுவதும் வாசிப்புக்கே கிடைக்கும். வேதியியல் ஆய்வகத்துக்கும் கணக்கு வகுப்புக்கும் இதே கணக்குதான்.

நம்பிக்கை: "40 சதவீதம் ஆன்லைன் என்று யுஜிசி சொல்லிவிட்டது. இனி வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி இல்லை."

உண்மை: இங்கே இரண்டு 40 இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துக்குறிப்பு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. அது உச்ச வரம்பு. கட்டாயமில்லை, விடுமுறையும் இல்லை. இன்னொரு 40, மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்துக்கானது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்றிருந்த 2016 விதியை, 2021-இல் 40 ஆக உயர்த்தினார்கள். ஸ்வயத்தில் படிக்கக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு உண்டு. பணம் கட்டும் முன், அந்தப் பாடத்தை உங்கள் கல்லூரி ஏற்றிருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காத பாடத்தின் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலில் ஏறாது.

நம்பிக்கை: "நல்ல வீடியோ இருந்தால் ஆசிரியர் எதற்கு?"

உண்மை: கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் மின்சுற்றுப் பாடத்துக்கு எம்ஐடி-யின் வீடியோக்களை வீட்டில் பார்க்கவைத்து, வகுப்பில் ஆசிரியரோடு கணக்குப் போடவைத்தது. பழைய முறையில் 60 சதவீதத்தைத் தொடாத தேர்ச்சி, அந்த வகுப்பில் 91 ஆனது. அதே பல்கலைக்கழகம் 2013-இல் வேறு சில பாடங்களை முழுக்க இணையத்தில் நடத்தியபோது பலர் தோற்றார்கள். அந்த முயற்சியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வீடியோவைவிட, வகுப்பில் பக்கத்தில் நின்ற ஆசிரியரும் கூடுதல் பயிற்சியும்தான் வேலை செய்தன என்று நான் எண்ணுகிறேன். அமெரிக்கக் கல்வித்துறை ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையிலும் நேர்வகுப்பைவிடக் கலப்பு முறையே முந்தியது. அந்த மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் கிடைத்திருக்கின்றன என்ற எச்சரிக்கையையும் அதே அறிக்கை சேர்த்தே சொல்கிறது. ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு வீடியோவைக் காட்டுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

நம்பிக்கை: "எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பிறகென்ன?"

உண்மை: போன் இருக்கலாம். அது அண்ணனும் தங்கையும் அம்மாவும் மாற்றி மாற்றி எடுக்கும் ஒற்றைப் போனாகவும் இருக்கலாம். 2021 தொடக்கத்தில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது ஏப்ரல் வரைக்கும்தான். அதன்பிறகு ரீசார்ஜ் வீட்டுச் செலவு. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிக்கு வரும் மாதம் 1,000 ரூபாயிலிருந்து அதையும் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரப் பாடத்தை 64 கேபிபிஎஸ் ஒலியாகப் பதிவு செய்தால் 30 எம்பிக்குள் அடங்கிவிடும். வீடியோவென்றால் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே வீடியோ போடும் ஆசிரியர்கள் கூடவே ஒலிப்பதிவையும் நாலு பக்கக் குறிப்பையும் போட வேண்டும். கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள்ள மாலையில் அரை மணி நேரம் நூலகத்தைத் திறந்து வைக்கட்டும், கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு.