வீட்டுப்பாடம் பிள்ளைக்கா, அம்மாவுக்கா?

(இம்மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வேலை முடிந்த பிறகு ஊக்குநரோ, படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவரோ இதைச் சத்தமாகப் படிக்கவும். மற்றவர்கள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.)



ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள்வோம். ராத்திரி ஏழு மணி. அம்மா களை எடுத்துவிட்டு வந்து இப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் மூன்று நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறான். டைரியில் மிஸ் எழுதியது இங்கிலீஷில் இருக்கிறது. "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்கிறான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏழாவது படிக்கும் அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்கிறாள். ஒரு பக்கத்தை மூன்று தடவை எழுத வேண்டுமாம். ஒன்பது மணிக்குப் பையன் நோட்டு மேலேயே தூங்கிவிடுகிறான். அக்கா பாத்திரம் கழுவிவிட்டு வந்து, தம்பி கையெழுத்து மாதிரியே கோணல்மாணலாக எழுதி முடிக்கிறாள். அவளுடைய சொந்த ஹோம் ஒர்க்கை இன்னும் தொடங்கவே இல்லை.

காலையில் மிஸ் அந்த நோட்டில் 'டிக்' போடுவார். அந்த 'டிக்' யாருக்கு? பையன் என்ன படித்தான்? யோசித்துப் பாருங்கள்.

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை இல்லை. நம்மில் பலர் வீட்டில் தினமும் நடப்பதுதான். "படிப்புன்னா அப்படித்தான், நமக்கென்ன தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எந்த வகுப்புக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. அதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அளவு என்ன?

2018ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவு போட்டது. 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் மத்திய அரசு அறிவுறுத்த வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அப்படியே சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு 2020ஆம் ஆண்டு வெளிவந்த பள்ளிப் பை கொள்கையில் ஒவ்வொரு வகுப்புக்கும் அளவு சொல்லப்பட்டது. எல்லாப் பாடங்களும் சேர்ந்துதான் இந்த அளவு:

1, 2ஆம் வகுப்பு: வீட்டுப்பாடமே வேண்டாம்.
3, 4, 5ஆம் வகுப்பு: வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். நாளுக்கு 20 நிமிஷம் அல்லது கொஞ்சம் கூட.
6, 7, 8ஆம் வகுப்பு: நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.
9 முதல் 12ஆம் வகுப்பு வரை: நாளுக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.

1, 2ஆம் வகுப்புப் பிள்ளை சாயங்காலம் என்ன விளையாடியது, என்ன சாப்பிட்டது என்று மறுநாள் வகுப்பில் வாயால் சொன்னால் போதும் என்கிறது அந்தக் கொள்கை. இது வழிகாட்டுதல்தான். மீறினால் உடனே அபராதம் என்று இல்லை. ஆனால் ஒரு அம்மா பள்ளிக்கூடத்தில் போய் நியாயம் கேட்க இது போதுமான பிடி.

உண்மையான சுமை எது?

இந்தப் பேச்சு புதிது இல்லை. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1989ல் அங்கே பேசும்போது, சின்னப் பிள்ளைகள் புத்தக மூட்டை சுமக்கும் கஷ்டத்தை எடுத்துச் சொன்னார். பின்னால் 1992ல் மத்திய அரசு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1993ல் அறிக்கை வந்தது.

முதுகில் தொங்கும் பை கனம்தான். அதைவிடப் பெரிய கனம், படிப்பது புரியாமல் இருப்பது. இதுதான் அந்த அறிக்கை சொன்ன முக்கியமான விஷயம். தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடம் வேண்டாம், வீட்டைச் சுற்றி இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை கொடுத்தால் போதும் என்றும் அது சொன்னது. புரியாத பாடத்தைப் பத்துத் தடவை பார்த்து எழுதினாலும் கைதான் வலிக்கும், பாடம் ஏறாது.

அப்படியானால் வீட்டுப்பாடமே வீணா? அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் அவருடன் இருந்தவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006ல் எழுதினார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்துக்கும் மார்க்குக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. சின்ன வகுப்பில் அந்தத் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. நம் அனுபவமும் அதுதானே. பத்தாவது படிக்கும் பிள்ளை வீட்டில் கணக்குப் போட்டுப் பழகாமல் பரீட்சை எழுத முடியாது. ஆறு வயசுப் பிள்ளைக்கு வேண்டியது விளையாட்டும் தூக்கமும்.

நம் பக்கத்துத் தவறு

பள்ளியை மட்டும் குறை சொன்னால் நியாயம் ஆகாது. "ஹோம் ஒர்க்கே கொடுக்க மாட்டேங்கறாங்க, என்ன பள்ளிக்கூடம் இது?" என்று கேட்பது யார்? நாம்தான். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, 2007ல் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் வகுப்பிலேயே அட்டைகளை எடுத்துத் தாங்களாகப் படித்தார்கள். அதைப் பார்த்து, "அட்டை வச்சு விளையாடறாங்க, நோட்டுல ஒண்ணுமே இல்ல" என்று தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றியவர்கள் உண்டு. நோட்டு நிறைந்தால்தான் படிப்பு என்று நாம் நினைப்பதால், பள்ளிகளும் நோட்டை நிறைத்துக் காட்டுகின்றன.

அடுத்தது டியூஷன். வீட்டுப்பாடத்தை முடிக்க வைக்கவே பிள்ளையை டியூஷன் அனுப்புகிறோம். மாதம் 300 ரூபாய் என்று வையுங்கள். பத்து மாதத்துக்கு 3,000 ரூபாய். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினருக்கு அது இரண்டரை வருஷச் சேமிப்பு. ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. "என்கிட்ட டியூஷன் வந்தாதான் பாஸ்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

பெண்பிள்ளைக்கு நேரம் எங்கே?

முதலில் சொன்ன வீட்டுக்குத் திரும்பப் போவோம். தம்பி வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறான். அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள். வந்ததும் தண்ணீர் எடுக்க வேண்டும், வாசல் கூட்ட வேண்டும், தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். அவளுக்கு அரசு சொல்லும் அளவு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எப்போது கிடைக்கிறது? ராத்திரி பத்து மணிக்கு, கண் சொக்கும்போது. மறுநாள் முடிக்காமல் போய் நிற்கிறாள். திட்டு வாங்குகிறாள். நாலு நாள் திட்டு வாங்கினால் ஐந்தாம் நாள் "வயிறு வலிக்குதும்மா, பள்ளிக்கூடம் போகல" என்கிறாள். பிறகு ஒரு நாள், "அவளுக்குப் படிப்பு ஏறல, போதும் நிறுத்திடலாம்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். படிப்பு ஏறாமல் இல்லை சகோதரிகளே, படிக்க நேரம் இல்லை. அவளுக்கு வந்த வீட்டுப்பாடம் அளவானதுதான். அவள் நேரத்தை நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை பெண்பிள்ளையை வேலை சொல்லி எழுப்புவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் முடிவு எடுக்கலாம். அந்த நேரத்துப் பாத்திரத்தைத் தம்பியும் கழுவலாம், அப்பாவும் கழுவலாம்.

கோடை விடுமுறையில்

சில பள்ளிகள் விடுமுறைக்கும் மூட்டை கட்டிக் கொடுக்கின்றன. சார்ட் ஒட்டு, தெர்மாகோலில் வீடு செய், முப்பது படம் ஒட்டு என்று பட்டியல் வரும். கடைசியில் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துப் படம் எடுத்து, அக்காவோ மாமாவோ ஒட்டித் தருகிறார்கள். பிள்ளை கற்றது ஒன்றும் இல்லை, நமக்குச் செலவுதான் மிச்சம்.

அதற்காக ஒரு மாதத்துக்கு மேல் புத்தகத்தையே தொடாமல் விட்டால், எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைக்கு அதுவும் மறந்துபோகும். விடுமுறையில் வேண்டியது பார்த்து எழுதுவது இல்லை, ஆசைப்பட்டுப் படிப்பது. கதைப் புத்தகம், சிறுவர் இதழ், கடலை மடித்து வந்த பேப்பர் எதுவானாலும் சரி. 2006ஆம் ஆண்டு முதல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளில் நூலகம் கட்டப்பட்டது. உங்கள் ஊரில் அது திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? மே 1ஆம் தேதி கிராம சபை நடக்கும். சரியாக விடுமுறை நேரம். "விடுமுறை முடியும் வரை சாயங்காலம் நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும்" என்று எழுந்து கேளுங்கள். தீர்மான நோட்டில் எழுத வையுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்குப் புரியும்படி சொன்னால், அதற்குப் பாடம் புரிந்திருக்கிறது. திக்கினால், அந்தப் பாடம் புரியவில்லை என்று டீச்சரிடம் சொல்லுங்கள். இதற்கு அம்மாவுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

கணக்கும் கேளுங்கள். "குழுவில் 5,000 ரூபாய் கடன் வாங்கினேன். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. முதல் மாதம் வட்டி எவ்வளவு?" என்று ஏழாவது படிக்கும் மகளிடம் கேளுங்கள். 50 ரூபாய் என்று சொல்வாள். "மாசம் 500 அசல் கட்டினா அடுத்த மாசம் எவ்வளவு?" என்று கேளுங்கள். 45 ரூபாய். வீட்டில் படிக்கும் பாடம் இப்படி இருந்தால் பிள்ளைக்கும் பயன், நமக்கும் பயன்.

குழுவாகச் சேர்ந்து செய்ய வேண்டியது

வாயால் சொன்னால் "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று தள்ளிவிடுவார்கள். எழுதிக்கொண்டு போனால் கேட்பார்கள். கணக்கு எழுதுவது நமக்குப் பழக்கம்தானே. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் ஒரு நோட்டில் குறியுங்கள்:

1. பிள்ளை எந்த வகுப்பு?
2. எத்தனை மணிக்கு உட்கார்ந்தது, எத்தனை மணிக்கு எழுந்தது? (கடிகாரம் பார்க்கத் தெரியாதவர் எந்த சீரியலில் ஆரம்பித்து எந்த சீரியலில் முடிந்தது என்று சொல்லுங்கள், பிரதிநிதி நேரம் போட்டுக்கொள்வார்.)
3. பிள்ளை தனியாகச் செய்ததா, வேறு யாராவது செய்தார்களா?
4. பார்த்து எழுதும் வேலையா, யோசித்துச் செய்யும் வேலையா?
5. காசு செலவானதா? எவ்வளவு?

அடுத்த கூட்டத்தில் எல்லாருடைய குறிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அளவுக்கு மேல் இருந்தால் நாலைந்து பேராகப் பள்ளிக்குப் போங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனியார் பள்ளியாக இருந்தால் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்.

சண்டைக்குப் போக வேண்டாம். டீச்சருக்கும் பாடத்தை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடி இருக்கும். பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "டீச்சர், என் பையன் ரெண்டாவது படிக்கிறான். இந்த வாரம் தினமும் ரெண்டு மணி நேரம் எழுதினான். பாதி அவங்க அக்கா எழுதினது. ரெண்டாவதுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. பெரிய பிள்ளைங்களுக்கும் தனியா செய்யற மாதிரி கொடுங்க. முடிக்கலைன்னா அடிக்காதீங்க, எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

அடிப்பதும், பிள்ளை மனம் நோகும்படி நடத்துவதும் கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது. பேசியும் நடந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் பேசலாம்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் செய்தது யார்?
2. மகனுக்கும் மகளுக்கும் படிக்க ஒரே அளவு நேரம் கிடைக்கிறதா? இல்லை என்றால் யார் வேலையை யார் மாற்றிக்கொள்ளலாம்?
3. டியூஷனுக்கு நம் குழுவில் மொத்தம் மாதம் எவ்வளவு போகிறது?
4. நம் ஊர் நூலகத்துக்குக் கடைசியாகப் போனது எப்போது?
5. ஐந்து நாள் குறிப்பை நம் குழுவில் எழுதி வைக்கும் பொறுப்பு யாருக்கு? பெயரைத் தீர்மான நோட்டில் இன்றே எழுதுங்கள்.

குறிப்பு எழுதி முடித்த குழுக்கள் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுவர வேண்டுகிறோம்.