வலி நின்றுவிட்டதா? உஷார்!

கல்யாணப் பந்தி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாம்பாரில் தொடங்கி மோர் வரைக்கும் ஒரு கை பார்த்தாகிவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால்... கால் வரவில்லை! கால் இருக்கிறது, ஆனால் உங்களுடையது மாதிரியே இல்லை. பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறீர்கள். சற்று நேரத்தில் எறும்பு ஊர்கிறது. பிறகு ஆயிரம் ஊசி குத்துகிறது. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் சரி.

என்ன நடந்தது? மடக்கிய காலின் எடை, நரம்பையும் அந்த நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களையும் சேர்த்து அழுத்திவிட்டது. செய்தி போகும் பாதை கொஞ்ச நேரம் அடைபட்டது. அழுத்தம் நீங்கியதும் நரம்பு விழித்துக்கொண்டு, தாறுமாறாகச் செய்தி அனுப்பியது. அதுதான் அந்த எறும்பும் ஊசியும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கால் விழித்துக்கொள்ளாமலே போய்விட்டால்? அதுவும், மரத்துப் போனதே உங்களுக்குத் தெரியாமல் இருந்தால்?

என்னிடம் வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கதையைக் கேளுங்கள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மனைவியோடு வந்திருந்தார்.

"ரெண்டு வருஷமா ராத்திரியானா பாதம் ரெண்டும் தணல்ல வெச்ச மாதிரி எரியும் டாக்டர். போர்வை பட்டாக்கூடத் தாங்காது. இப்ப ஆறு மாசமா எரிச்சலே இல்லை. ஒரு எண்ணெய் தடவினேன், நல்லாவே கேட்டுடுச்சு!" என்றார், பெருமையாக.

"அதெல்லாம் சரிங்க" என்றார் அந்த அம்மா. "ரெண்டு நாளா மொசைக் தரையில அங்கங்கே ரத்தக் கறையா இருக்கு டாக்டர். யார் கால்லேன்னு தெரியலை. இவரைக் கேட்டா எனக்கு ஒண்ணுமில்லேங்கறார்."

படுக்க வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். வலது கட்டை விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். அவருடைய செருப்பை வாங்கிப் பார்த்தால், உள்ளே ஒரு ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இரண்டு நாளும் காலை நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார்! ஆணியைக் காட்டியதும், யாரோ ஒருவர் காலில் குத்தியதைப் பார்ப்பது போல் பார்த்தார்.

எண்ணெய் கேட்கவில்லை. எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு செத்துவிட்டது. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள, முதலில் நரம்பு எது என்று தெரிய வேண்டும். நம் ஊரில் 'நரம்பு' என்ற ஒரே சொல்லை மூன்று விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிகிறதே, அது நரம்பில்லை. ரத்தக் குழாய், சிரை. 'நரம்பு ஊசி' என்று நாம் சொல்வது அந்தச் சிரையில் போடுவது. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விறைப்பாகக் கைக்குத் தட்டுப்படுவதும் நரம்பில்லை. அது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். அப்படியானால் நிஜமான நரம்பைத் தொட்டுப் பார்க்க முடியுமா? முடியும். முழங்கையின் உட்பக்கத்து எலும்பை எப்போதாவது கதவில் இடித்துக்கொண்டு, சுண்டு விரல் வரைக்கும் 'கரண்ட்' அடித்த மாதிரி துள்ளியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உருளுவதுதான் நரம்பு.

நரம்பை வெட்டிப் பார்த்தால் டெலிபோன் கேபிள் மாதிரிதான். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். பருமனான இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. வயருக்கு மேலே பிளாஸ்டிக் சுற்றியிருப்பதைப் போல. தொடுவுணர்ச்சியைச் சொல்லும் இந்த இழைகளில் செய்தி விநாடிக்கு 30 மீட்டருக்கும் மேல் பறக்கிறது. வலியிலும் சூட்டிலும் பெரும்பகுதியைச் சொல்லும் மெல்லிய இழைகளுக்கு உறையே கிடையாது. அங்கே விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், நம் நடை வேகம். அதனால்தான் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டால், 'இடிச்சுட்டோம்' என்பது உடனே தெரிகிறது. 'ஐயோ, இப்ப வலிக்கப் போகுதே' என்று பயப்பட ஒரு கணம் கிடைக்கிறது. பிறகுதான் உயிர் போகிற வலி வந்து சேர்கிறது!

இன்னொரு ஆச்சரியம். உங்கள் கால் கட்டை விரலின் உணர்ச்சியை எடுத்துச் செல்லும் நரம்புச் செல்லின் 'தலைமை அலுவலகம்' இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இழைக்கு வேண்டிய பெரும்பாலான சரக்கு தலைமை அலுவலகத்தில்தான் தயாராகி, அவ்வளவு தூரம் அனுப்பப்பட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தால், நரம்பு இழையும் கெடுகிறது, அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கெடுகின்றன. முதலில் பட்டினி கிடப்பது யார்? கடைசி ஊர்தான்! ஆகவே பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல்களும் மரக்க ஆரம்பிக்கும்.

நரம்பு இழைகள் கெடும்போது சும்மா கெடுவதில்லை, கூச்சல் போடுகின்றன. இரவில் எரிச்சல், குத்தல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு. அப்போதே கவனித்தவர் பிழைத்தார். கூச்சல் அடங்கிய பிறகு வருவது நிம்மதி இல்லை, மௌனம். நடந்து வரும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வீடு வந்து சேர்ந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். இது சிரிக்கிற விஷயமில்லை, வியாதியின் அடையாளம்.

இந்த மௌனம் எவ்வளவு பொல்லாதது என்று உலகுக்குச் சொன்னவர் நம் கொல்லிமலையில் பிறந்த ஓர் ஆங்கிலேயர். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்தார். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை நிபுணராக வந்தார். தொழுநோய்க் கிருமி சதையைத் தின்பதால்தான் விரல்கள் உதிர்கின்றன என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. பிராண்டுக்குச் சந்தேகம். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் வாங்கி ஒரே திருகாகத் திருகிவிட்டான். தரையில் ரத்தத் துளிகள்! பையனின் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. பிறகு, சிகிச்சை பெற்றுக் குணமாகிவந்த சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் நுனி காணாமல் போனது. விழித்திருந்து கவனித்தார்கள். தூங்குகிறவரின் விரலை எலி வந்து கொறித்துக்கொண்டிருந்தது! வலியிருந்தால் எந்த மனிதன் படுத்துக் கிடப்பான்? அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

கிருமி கெடுப்பது நரம்பை. விரலைக் கெடுப்பது சூடான பாத்திரமும், ஆணியும், எலியும். சதை நல்ல சதைதான். பாதுகாத்தால் எல்லோருக்கும் போலவே ஆறும். இதை நிரூபித்த பிராண்ட், 1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்தான் அவர் கண்ணில் பட்டது. வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்திய மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளின் காலில் இருப்பதன் பின்னணி இதுதான்.

ஆணி, எலியெல்லாம் கூட வேண்டாம். வெறும் நடையே போதும், புண் வருவதற்கு! எப்படி என்கிறீர்களா? உங்கள் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுக்கிறது. அந்த இடத்துத் திசுவிலிருந்து ரத்தம் பிதுங்கிப் போய்விட்டது. விட்டால் சிவக்கிறது. விடாமல் அழுத்தினால் திசு மூச்சுத் திணறும். மூன்று மணி நேரம் சினிமா பார்க்கும்போது எத்தனை தடவை நெளிகிறீர்கள், கால் மாற்றிப் போடுகிறீர்கள்? திசு முறையிடுகிறது, நரம்பு எடுத்துச் சொல்கிறது, நீங்கள் யோசிக்காமலே நகர்கிறீர்கள். ரொம்ப தூரம் நடந்தால் லேசாக விந்துவோமே, அதுவும் இப்படித்தான், நொந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க. நரம்பு பேசாத காலில் இந்தச் சலுகை இல்லை. அதே இடத்தில், அதே அழுத்தம், ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி. போதாக்குறைக்கு, பாதத்தின் சிறு தசைகளுக்குப் போகும் நரம்பும் கெட்டு விரல்கள் வளைந்து, எடை முழுதும் விரல் மூட்டுகளுக்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கும். முதலில் காய்ப்பு, அதன் அடியில் ரத்தக்கட்டு, பிறகு புண், அதில் கிருமி. அந்த வழியில் கடைசியில் நிற்பதுதான் காலை எடுக்கும் ஆபரேஷன்.

சரி, உங்கள் வீட்டுப் பெரியவர் பாதம் எப்படி இருக்கிறது? இன்றைக்கே பார்த்துவிடலாம். அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலால், இரண்டு பாதங்களிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை மாற்றி மாற்றி லேசாகத் தொடுங்கள். ஒரு விநாடி போதும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, ஒரே விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. ஒவ்வொரு முறையும் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் டாக்டரிடம் போங்கள். அவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், இசைக்கவையாலும் சரியாகச் சோதிப்பார். தவறாவிட்டாலும், சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனை வேண்டும்.

மரத்துப் போவதெல்லாம் சர்க்கரையால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மது, தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 பற்றாக்குறை எல்லாம் இதைச் செய்யும். மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும், பால், தயிர்கூட அதிகம் சேர்க்காத சைவர்களுக்கும் பி-12 குறையலாம். தோலில் வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். கூட்டு மருந்தால் முழுமையாகக் குணமாகும், அரசு மருத்துவமனையில் இலவசம். முகமோ கையோ காலோ ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்தால் எதையும் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. பக்கவாதமாக இருக்கலாம்.

'நரம்புக்கு டானிக் எழுதிக் கொடுங்க' என்று கேட்காதவர்கள் குறைவு. பி-12 குறைந்திருந்தால் அது பலன் தரும். மற்றபடி, செத்த நரம்பை எழுப்பும் டானிக் இல்லை. வெட்டுப்பட்ட நரம்பே, சேர்த்துத் தைத்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். சர்க்கரை விஷயத்தில் முந்திக்கொள்வதுதான் வழி. 1993-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இன்சுலினை நம்பியிருக்கும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரை ஆராய்ந்தார்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு நரம்புக் கோளாறு ஏற்குறைய 60 சதவிகிதம் குறைந்தது. நடுவயதில் வரும் இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு தூக்கலாக இல்லை. ஆனாலும் கட்டுப்பாட்டை விட்டால் பாதிப்பு ஓடும். எரிச்சலுக்கு டாக்டர் தரும் மாத்திரையின் சீட்டைப் படித்துவிட்டு, 'எனக்கு மனச்சோர்வா? வலிப்பா?' என்று பதறாதீர்கள். அந்த நோய்களுக்கான சில மருந்துகள்தான் நரம்பின் கூச்சலையும் அடக்குகின்றன.

மரத்த கால் உள்ளவர் வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். அதுவும் குதிகாலில் வார் உள்ளதாக. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, உள்ளங்கால் முழுதும் கொப்புளத்தோடு வருகிறவர்களை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். விடியற்காலையில் போங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்! வெந்நீரில் கால் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது இரண்டும் கூடாது. காய்ப்பை பிளேடால் செதுக்காதீர்கள், கடையில் விற்கும் பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கும். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலி அதிகம் இல்லாமலிருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

தலைமையாசிரியருக்கு வருவோம். அவர் அதிர்ஷ்டம், எலும்புவரை போகவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து, பாதத்துக்கு எடை படாமல் மாவுக்கட்டுப் போட்டு, வாராவாரம் மாற்றினோம். பத்து வாரத்தில் மூடியது. இப்போது தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த அம்மா டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு அவருடைய பாதத்தைப் பார்க்கிறார். "பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி திருத்தறா டாக்டர்" என்கிறார் இவர். காலையில் செருப்பைத் தலைகீழாகத் தட்டிவிட்டுத்தான் அவர் கையில் கொடுக்கிறாராம். போன வாரம் தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்ததாம். முந்தின நாள் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் போய் வந்திருக்கிறார்.