சுழல் எஞ்சின்: நோயும் மருந்தும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேருக்குச் சொன்ன இம்மொழி, விஞ்ஞானம் படைத்த காருக்கும் பொருந்தும் என்பதை ஜப்பானியக் கார் ஒன்றின் வாயிலாக இக்கட்டுரையில் காண்போம்.

அக்கார் மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7. இரண்டு கதவுகளும் தாழ்ந்த முகப்பும் கொண்ட 'கூப்பே' வகையைச் சேர்ந்தது. 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளாக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின. கடைசியாக வெளிவந்த காருக்கே இன்று இருபது வயதுக்கு மேலாகிறது. முதுமை வந்தால் நோய் வருவது இயல்பு. ஆனால், நோயைத் தவறாகக் கணித்து, பிழைத்திருக்க வேண்டிய எஞ்சினைக் கழற்றி எறிவது இயல்பாகாது. இக்காரின் சொந்த எஞ்சினை அகற்றிவிட்டு வேறு எஞ்சினைப் பொருத்தியவர்கள் உலகில் பலர் உண்டு.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

சாதாரணக் கார் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. ஆர்.எக்ஸ்.-7இல் பிஸ்டனும் இல்லை; வால்வும் இல்லை. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த சுழல் எஞ்சின் இது. நிலக்கடலையைப் போல இடுப்பு சிறுத்த ஓர் அறை. அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. சுழலி ஒரு முறை சுற்றினால் நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். முதல் தலைமுறைக் காரின் 12ஏ எஞ்சினில் இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 573 கன சென்டிமீட்டர்.

முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதுவே 'முனை சீல்'. ஸ்பிரிங்கின் உந்துதலால் அது அறைச் சுவரை உரசிக்கொண்டே ஓடி வாயுவைக் கசியவிடாமல் காக்கிறது. வீட்டுக் குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் எவ்வளவு தீ எரித்தாலும் விசில் வராது அல்லவா? அதுபோல் இப்பட்டை தளர்ந்தால் எஞ்சினுக்கு உயிர் இல்லை. தொடக்க காலத்தில் இச்சீல்கள் அதிர்ந்து சுவரில் வரிவரியாகக் கீறின. 'சாத்தானின் நகக்கீறல்' என்று ஜப்பானியப் பொறியாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் அவர்கள் உழைத்து அக்குறையை வென்ற பின்னரே 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

ஒரே அறிகுறி, மூன்று நோய்கள்

பழைய ஆர்.எக்ஸ்.-7 ஒரு நாள் காலையில் கிளம்ப மறுக்கிறது. 'எஞ்சின் போய்விட்டது' என்று தீர்ப்பு வழங்குவது எளிது. ஆனால் காரணம் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

முதலாவது, பெட்ரோல் வெள்ளம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, வண்டியைச் சில அடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினால் இது நேரும். எரியாத பெட்ரோல் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. எண்ணெய் இன்றிச் சீல் பிடிக்காது, அழுத்தம் இல்லை, எஞ்சின் கிளம்பாது. இதற்கு மருத்துவம் எளிது. பெட்ரோல் பம்பையும் மின்பொறியையும் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றித் தேங்கிய பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. பின்பு பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, உலர்ந்த பிளக்குகளைப் பூட்டினால் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் உயிர் பெறும். எஞ்சின் சூடேறிய பின்னரே நிறுத்துவது என்ற பழக்கம் இந்நோய் வராமல் தடுக்கும்.

இரண்டாவது, முனை சீலின் தேய்வு. குளிர்ந்தபோது ஒருவாறு கிளம்பும் வண்டி, சூடான பின் நிறுத்தினால் மீண்டும் கிளம்பத் தயங்கும். இதுவே முதல் எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றினால் ஒவ்வொரு சுழலியிலிருந்தும் 'புஸ், புஸ், புஸ்' என மூன்று சமமான மூச்சுகள் கேட்க வேண்டும். ஒரு மூச்சு மெலிந்தால் சீலில் குறையுண்டு. மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்கும் கருவியும் உள்ளது. 13பி எஞ்சினில், நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோகிராமுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் பிரித்துப் பார்ப்பதே வழி.

மூன்றாவது, நீர் சீலின் பழுது. அறைச்சுவர் அலுமினியம், இருபக்கத் தட்டுகள் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியமே மிகுதியாக விரியும் என்பது பௌதிக வகுப்பில் நாம் கற்றதே. இரண்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையம் ஒரு முறை மிகையாகக் கொதித்தாலும் கெட்டுப்போகும். காலையில் வெண்புகை, குறைந்துகொண்டே வரும் ரேடியேட்டர் நீர், அதில் எழும் குமிழிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்நோய்க்கு எஞ்சினைப் பிரிக்காமல் மருந்தில்லை. ஆனால் வருமுன் காக்கலாம். பழைய ஹோஸ்களையும் ரேடியேட்டர் மூடியையும் காலத்தே மாற்ற வேண்டும். மூன்றாம் தலைமுறைக் காரில் நீரிலுள்ள காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் கலம் வெடிப்பது வழக்கமாதலால், அதையும் முன்கூட்டியே மாற்றுவது நலம்.

எண்ணெய் குறைவது குறையன்று

முனை சீலுக்கு வழவழப்பூட்ட, சிறு பம்பு ஒன்று எண்ணெயை அளந்து அறைக்குள் செலுத்துகிறது. அது பெட்ரோலோடு எரிந்துவிடும். ஆகவே எண்ணெய் மட்டம் இறங்குவது அமைப்பின் இயல்பே. இதை அறியாமல் பம்பை அடைத்துவிடுவோர் தம் கையாலேயே எஞ்சினைக் கொல்கின்றனர். செய்ய வேண்டியது, பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் எண்ணெய் மட்டத்தையும் பார்ப்பதே.

பிளக்குகளும் கவனத்துக்குரியவை. ஒவ்வொரு சுழலிக்கும் முன்பொறி, பின்பொறி என இரண்டு பிளக்குகள். பின்பொறி செத்தாலும் வண்டி ஓடுவதால் குறை மறைந்தே கிடக்கும். நான்கு கம்பிகளிலும் பொறி வருகிறதா என்று தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முடிவுரை

1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டா 787பி முதலிடம் பெற்றது. அத்தகைய குடும்பத்தில் பிறந்த எஞ்சின், ஒரு கரண்டி எண்ணெயில் தீர வேண்டிய நோய்க்காகக் குப்பைக்குப் போகலாமா? பெட்ரோல் வெள்ளமா என்று முதலில் பார், பின்பு அழுத்தத்தை அளந்து பார், நீரைக் கவனி, கடைசியில்தான் திருப்புளியை எடு. கரண்டி எண்ணெய் தந்த பலம் தற்காலிகமானது என்பதால், கிளம்பிய எஞ்சினையும் சூடேறிய பின் மீண்டும் அளந்து பார்ப்பதே முறை.

மாணவ நண்பர்களே! அறிகுறியைக் கண்டதும் தீர்ப்புக் கூறுவது விஞ்ஞானம் ஆகாது. சோதித்து, அளந்து, பிறகு முடிவு கூறுவதே விஞ்ஞானம். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் இப்பாடம் பட்டறைக்கும் பொருந்தும்.